கோல் பிடித்தவன் வீட்டுக் குழாய்

அன்று பள்ளிக்கூட வகுப்பறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே இல்லாதவர்கள்தான் இப்போது அதிகம் பேசுகிறார்கள். ஊர்க்கோலை மடியில் குறுக்காக வைத்தபடி முன்பெஞ்சில் என் தம்பி பொர்ஃபிரியோ கால்மோ. அந்த வருஷம் ஊர்த்தலைமை அவனுடையது. அவனுக்குப் பக்கத்தில் மூத்தவன் நான், மக்காரியோ கால்மோ. வந்தவர்களின் ஸ்பானிஷை எங்கள் மாம் மொழியில் சொல்வதற்காகக் கரும்பலகை அருகே நின்றவன் பொர்ஃபிரியோவின் ஒரே மகன் அன்செல்மோ. கதவோரம், மகள் தொமாசாவை முதுகுத்துணியில் கட்டிக்கொண்டு, அவன் மனைவி மார்செலினா. குழாய் வரிசையில் கடைசி வீட்டுக்காரியான விதவை இலாரியா. மெக்சிகோவையும் தாண்டி வடக்கு நாட்டுக்குப் போய்ப் பல வருஷம் பாத்திரம் கழுவிவிட்டு, கையில் விலங்கோடு விமானத்தில் திருப்பி அனுப்பப்பட்ட நிக்கானோர் பாப்லோ. மற்றபடி பியெத்ரா லார்கா ஊரில் வீட்டுக்கு ஒருவர். வெளியாட்கள் மூன்று பேர்: தலைநகரத்திலிருந்து வந்த, பட்டம் படித்தவள் என்பதால் நாங்கள் லிசென்சியாதா என்று அழைக்கும் இவோன், அவளுடைய பொறியாளர், பிறகு குழந்தைகள் நாற்காலியில் முழங்கால் மார்பில் முட்ட உட்கார்ந்திருந்த தாடிக்கார வெள்ளைக்காரர் ஒருவர். ஜனங்கள் வடக்கே போவதைத் தடுக்க ஒரு திட்டம், அதற்கான பணம் அவர் நாட்டுடையது என்றார்கள்.

அது ஜனவரி. பொர்ஃபிரியோ கோலை வாங்கிச் சில நாட்களே ஆகியிருந்தன. முந்தின பருவத்தில் உருளைக்கிழங்கில் கருகல் விழுந்து, செடி நின்ற இடமெல்லாம் நெருப்புப் பட்டதுபோல் கிடந்தது. தப்பிய கிழங்கை லாரிக்காரன் கேட்ட விலைக்குக் கொடுத்தோம். விதைக்கு வைத்ததை உறைபனி கொண்டுபோனது. ஊரில் பாதி வீடுகளின் சுவர்கள் வடக்கேயிருந்து வரும் பணத்தில் எழும்பிக்கொண்டிருந்தன. மூன்றுமாடி எழுப்பி ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடுகளும் உண்டு.

லிசென்சியாதா இவோன் சுவரில் பழுப்புக் காகிதம் ஒட்டி ஒரு மரம் வரைந்தாள். இலை இல்லாத மரம், பெரிய பெரிய வேர். ஜனங்கள் ஏன் ஊரை விட்டு வடக்கே போகிறார்கள், அதன் வேர் எது என்று நாங்கள் சொல்ல வேண்டும், அவள் எழுதுவாள். எங்கள் வழக்கப்படி முதலில் வயதானவர்கள் பேசினார்கள். ஒருவர் பனி என்றார். ஒருவர் லாரிக்காரன் என்றார். ஜெபம் சொல்லித்தரும் கத்தோலிக்க உபதேசியார், இந்தக் காலத்துப் பையன்களுக்குக் கண் பசி, அதற்கு மருந்து இல்லை என்றார். இலாரியாவிடம் கேட்டபோது அவள் தன் இரண்டு மகன்களும் போனதற்குக் காரணம் அடுத்த வீட்டு மகன்கள் போனதுதான் என்றாள். பக்கத்துச் சுவர் உயர உயரத் தன் வீட்டுக் கூரை தாழ்ந்துகொண்டே போவதுபோல் அவர்களுக்கு இருந்ததாம். இதை வேரில் எழுதுவதா கிளையில் எழுதுவதா என்று இவோன் கொஞ்சநேரம் பேனாவைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

அப்போது நிக்கானோர் பின்னாலிருந்து சொன்னான்: "லிசென்சியாதா, நீங்க மரத்தத் தலகீழா வரஞ்சிருக்கீங்க. வேரு அங்க இருக்கு. அங்க பாத்திரம் கழுவ ஆளு வேணும், கோழி வெட்ட ஆளு வேணும், கெழவனுக்குக் குண்டி கழுவ ஆளு வேணும். அந்த வேரப் பிடுங்குங்க, இங்க ஒருத்தனும் அசைய மாட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். அன்செல்மோ இதை ஸ்பானிஷில் சொல்லும்போது கிழவனை விட்டுவிட்டான். வெள்ளைக்காரர் தலையாட்டி, சுவாரசியமான கருத்து என்றார். காகிதத்தில் அதற்கு இடம் இல்லை.

பிறகுதான் என் தம்பி எழுந்தான். கோல் பிடித்தவன் கடைசியில் பேச வேண்டும், அதுதான் முறை. அவன் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்.

"எங்க வீட்லேர்ந்து யாரும் போனதில்ல."

உண்மை. கரும்பு வெட்டவும் காப்பி பறிக்கவும் கடற்கரைத் தோட்டங்களுக்கு ஊரே லாரியேறிய காலத்தில் எங்கள் அப்பா ஏறவில்லை. உள்நாட்டுப் போர்க்காலத்தில் பாதி ஊர் மலை தாண்டி மெக்சிகோவுக்குள் ஓடியபோதும் கால்மோ வீட்டில் அடுப்பு எரிந்தது. அதைச் சொல்ல எங்களுக்கு உரிமை உண்டு. நான் தலையசைத்தேன். வெள்ளைக்காரர் அந்தச் சின்ன நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏன் போகவில்லை என்று கேட்டார். எங்களுக்கு இங்கே வேலை இருக்கிறது என்றான் பொர்ஃபிரியோ. அதற்குமேல் அவர்கள் வேறு யாரையும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த வாரமே வந்துவிட்டார்கள். அன்செல்மோவை எங்கள் சிவப்புக் கோடு போட்ட கால்சட்டையும் நீலக் கழுத்துப்பட்டைச் சட்டையும் போடச் சொல்லி, மண்வெட்டியைத் தோளில் வைத்துச் சிரிக்கச் சொன்னார்கள். நான்தான் தொப்பியை நேராக வைத்துவிட்டேன். பிறகு கீழே, வெவெதெனாங்கோ நகரத்துப் பஸ் திரும்பும் முச்சந்தியில், இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு பலகை எழும்பியது. அதில் அன்செல்மோவின் முகம். பக்கத்தில் கொட்டை எழுத்தில்: என் எதிர்காலம் இங்கேதான். இந்த வார்த்தையை அவன் எப்போதும் சொன்னதில்லை. ஆனால் தவறான வார்த்தையும் இல்லையே என்று நான் நினைத்தேன்.

நிக்கானோர் விடுவானா. "அன்செல்மோ, பலகையில உன் பல்லு ஒவ்வொண்ணும் என் தல பெருசு இருக்குடா. பஸ்ஸுக்கு நிக்கறப்ப கடிச்சுருவியோன்னு பயமா இருக்கு," என்பான். பெண்கள் சந்தைக்குப் போகும்போது பலகையைப் பார்த்து, உன் புருஷன் எங்களை முறைத்துப் பார்க்கிறான் என்று மார்செலினாவைச் சீண்டுவார்கள். அந்த நாட்களில் இவையெல்லாம் வேடிக்கைதான்.

முன்மாதிரிக் குடும்பத்துக்குப் பசுமைக்குடில் தருவதாகத் திட்டம். இந்த உயரத்தில் தக்காளி வராது என்பது ஆட்டுக்குட்டிக்கும் தெரியும். ஆனால் பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் வரும் என்றார் பொறியாளர். மே மாதம் பெரிய மனிதர்கள் பார்க்க வருகிறார்கள், அதற்குள் செடியில் பழம் சிவந்திருக்க வேண்டும், ஆகவே உடனே ஆரம்பிக்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் கம்பு நட்டு, பிளாஸ்டிக் இழுத்துக் கட்டினார்கள். மிச்சம் தண்ணீர்.

எங்கள் ஊருக்கு ஒரே ஊற்று. மேலே பாறையிடுக்கிலிருந்து குழாய் இறங்கி, வீட்டுக்கொரு குழாயாக வரிசையாகக் கீழே போகிறது. அந்தக் குழாயைப் புதைக்கப் பள்ளம் தோண்டியவர்கள் நாங்கள், அரசாங்கம் அல்ல. அதனால் விதியும் எங்களுடையது. குழாய்த் தண்ணீர் வீட்டுக்கு. வயலுக்கு மழை. குழாயை வயலுக்குத் திருப்பிய வீட்டுக்குக் குழாய் கிடையாது.

பொறியாளர் நல்ல பிள்ளை. ஊரைக் கேட்காமல் செய்யக்கூடாது என்று கூட்டம் கூட்டச் சொன்னார். ரொட்டியும் சோடாவும் வாங்கி வந்திருந்தார். பொர்ஃபிரியோ வீட்டுக் குழாயிலிருந்து சொட்டுநீர்ப் பாசனத்துக்கு ஒரு கிளை எடுக்கப்போகிறோம், சொட்டுச் சொட்டாகத்தான் போகும், யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். அன்செல்மோ அதை எங்கள் மொழியில் சொன்னான்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தோம்.

எங்கள் ஊரில் வந்தவர் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லும் பழக்கம் கிடையாது. மறுப்பு இருந்தால் பேசாமல் தரையைப் பார்ப்போம். புரிந்தவர் தொப்பியை எடுத்துக்கொண்டு, மழை வருமா என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்புவார். அன்று அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். அதைவிடச் சத்தமாக இல்லை என்று சொல்ல எங்களால் முடியாது. பொறியாளர் சுற்றும் முற்றும் பார்த்துப் புன்னகை செய்தார். "அப்ப எல்லாருக்கும் சம்மதம்," என்று சொல்லி ரொட்டியைப் பிரித்தார்.

அன்செல்மோவுக்குத் தெரியும். ஆனால் ஒருவர் பேச்சை இன்னொருவருக்குச் சொல்கிறவன் வாய் அவனுடையது அல்ல. விருந்தாளியை எல்லோர் முன்னும் திருத்த முடியாது. பொர்ஃபிரியோவுக்குத் தெரியும். ஆனால் கோல் பிடித்தவன் தன் வீட்டு விஷயத்தில் பேசக்கூடாது. நான் அதே ரத்தம். என் வாயும் கட்டியதுதான். ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஆனால் அவர்கள் பதில் சொல்லியாகிவிட்டது. கால்மோ வீட்டுக்காரர்களே பொறியாளரிடம் தனியாகச் சொல்லி நிறுத்திவிடுவார்கள் என்று அவர்கள் ரொட்டியைத் தின்றுகொண்டு போனார்கள். கிளைக்குழாய் மறுநாளே போட்டாகிவிட்டது.

பிப்ரவரி, மார்ச் எல்லாம் அந்தக் கூடாரத்தில் உழைத்தது மார்செலினாதான். அன்செல்மோ கிழங்கு வயலில் மண் அணைக்கப் போய்விடுவான். அவள் காலையில் அடுப்பு வேலை முடித்து, தக்காளிச் செடிகளுக்குக் கயிறு கட்டி, பக்கக் கிளைகளைக் கிள்ளி, இலையின் அடியைத் திருப்பிப் பார்த்துப் பூச்சியை நசுக்குவாள். விரலெல்லாம் பச்சைக்கறை, கழுவினாலும் போகாது. உள்ளே சூடு. இந்த மலையில் கம்பளி இல்லாமல் உட்காரக்கூடிய இடம் நீராவிக் குளியல் அறைக்கு அடுத்து அது ஒன்றுதான். தொமாசா அங்கேயே மண்ணில் விளையாடித் தூங்குவாள். ஒருநாள் நான் எட்டிப் பார்த்தபோது மார்செலினா போர்வையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு வெறும் ரவிக்கையோடு நின்று ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் குறை சொல்லவும் ஒன்றுமில்லை, பிளாஸ்டிக்குக்கு உள்ளேதானே.

முதல் தக்காளி சிவந்தபோது ஒரு கிண்ணம் நிறையப் பறித்து இலாரியாவுக்குக் கொடுத்தனுப்பினாள். மறுநாள் காலை அந்தக் கிண்ணம், பழம் குறையாமல், எங்கள் வேலிச்சுவர் மேல் இருந்தது. எங்கள் பக்கம் கொடுத்ததைத் திருப்பி வைப்பது சாதாரண விஷயம் அல்ல. நாய் குரைக்கக்கூட இல்லை, அவ்வளவு மெதுவாக வைத்திருக்கிறாள்.

அன்று மத்தியானம் அவளே வந்தாள். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. நானும் பொர்ஃபிரியோவும் கிழங்கை உரித்து உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்றுகொண்டிருந்தோம். எங்களிடம் அவள் பேசவில்லை. மார்செலினாவைப் பார்த்துத்தான் பேசினாள்.

"என் குழாயில காலைலேர்ந்து காத்துதான் வருதும்மா. எச்சி துப்புற மாதிரி ரெண்டு சொட்டு. அவ்வளவுதான். சோளம் ஊறப் போட்டு மூணாம் நாள் ஆச்சு."

"எங்க குழாயில பிடிச்சுக்கங்க சித்தி. நான் தூக்கிட்டு வந்து தரேன்."

"உன் குழாயிலயா," என்றாள் இலாரியா. "அது உன் குழாயா. என் புருஷன் அந்தப் பள்ளத்தத் தோண்டினப்ப நீ பொறக்கல."

போய்விட்டாள். அன்று ராத்திரி, பாதிச் செடியைப் பிடுங்கிவிடலாம் என்றாள் மார்செலினா. அதை வளர்த்தவள் அவள்தான். அன்செல்மோ இவோனுக்குப் போன் செய்தான். மே மாதம் வரைக்கும் எப்படியாவது காப்பாற்றுங்கள், பார்வையாளர்கள் வந்துபோனதும் ஊருக்கே ஒரு தொட்டி கட்ட ஏற்பாடு செய்கிறேன் என்று அவள் கெஞ்சினாளாம். ஊர்ச்சொல் வருவதற்கு முன்பே நாமாகப் பிடுங்கிவிடுவதுதான் மரியாதை என்றேன் நான்.

"போர்டுல என் மூஞ்சி இருக்கு பெரியப்பா," என்றான் அன்செல்மோ. "செடியப் பிடுங்கிட்டா அந்த போர்டு பொய்யாயிடும்."

"போர்டு பொய்யானா அவங்களுக்கு வெக்கம்," என்றாள் மார்செலினா. "தண்ணி பொய்யானா நமக்கு."

 அவன் செடியைப் பிடுங்கவில்லை. சொட்டுநீரைக் காலையில் திறந்துவிட்டுத் தொப்பியை இறக்கிக்கொண்டு வயலுக்குப் போனான். முச்சந்தி வழியாகச் சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டு, ஓடை வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்திருந்தான்.

ஏப்ரலில் ஊர் கூடியது. இந்தமுறை விருந்தாளிகள் இல்லை, ஆகவே எல்லோருக்கும் வாய் இருந்தது. கீழ்வரிசை வீட்டுப் பெண்கள் பேசினார்கள். குளிப்பாட்டாத குழந்தைகளைப் பற்றிப் பேசினார்கள், பள்ளத்து ஓடையிலிருந்து தண்ணீர் தூக்கி வந்த கர்ப்பிணி வழுக்கி விழுந்ததைப் பற்றிப் பேசினார்கள். போவதைத் தடுக்க வந்த திட்டம் நம் குழாயைத்தான் தடுத்திருக்கிறது என்றார் ஒரு கிழவர். எங்களுக்காகப் பேசியவன், நான் எதிர்பார்க்கவே இல்லை, நிக்கானோர். கிளைக்குழாயை மட்டும் வெட்டுங்கள், வீட்டுக் குழாயை விடுங்கள், சின்னக் குழந்தை இருக்கிறது என்றான். விதி ஒன்றுதான், ஆளுக்கு ஆள் அல்ல என்றார்கள். அது சரிதான். நானே பல வருஷம் முன்பு இன்னொருவன் விஷயத்தில் அப்படித்தான் பேசியிருக்கிறேன்.

தீர்ப்பு: மழை பிடிக்கும் வரைக்கும் பொர்ஃபிரியோ வீட்டுக் குழாயை மூட வேண்டும். மூடுவது கோல் பிடித்தவன் வேலை.

ஒரு நாளைக்குக் கோலைத் தலைமையில் இரண்டாமவனிடம் கொடுத்துவிடுங்கள், அவன் மூடட்டும் என்று உபதேசியார் வழி சொன்னார். அப்படிச் செய்யலாம், முறையில் இடம் உண்டு. பொர்ஃபிரியோ எழுந்தான்.

"என் வீட்டுக் குழாயில இன்னொருத்தன் கை வச்சா அது தண்டனை. நான் மூடினா அது விதி. நான்தான் மூடுவேன்."

அந்த இடத்தில் அவனைவிட உயரமான மனிதன் யாரும் இல்லை. இதை நான் அண்ணன் என்பதற்காகச் சொல்லவில்லை.

மறுநாள் காலை வீட்டுக்கு ஒருவராக எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். வேலிச்சுவரோரம் சிமென்டுப் பெட்டிக்குள் வால்வு இருக்கிறது. மார்செலினா அப்போது குழாயடியில் உட்கார்ந்து சோளம் அலசிக்கொண்டிருந்தாள். சுண்ணாம்பு போட்டு வேகவைத்த சோளத்தை நாலைந்து தண்ணீர் விட்டுத் தேய்த்து அலசினால்தான் தோலும் சுண்ணாம்புக் காரமும் போகும். ஒரு தண்ணீர்தான் ஆகியிருந்தது. பானையில் தண்ணீர் மஞ்சளாக இருந்தது. இத்தனை பேர் வருவதைப் பார்த்து அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்திருக்கவில்லை.

"மாமா," என்றாள். "இந்தச் சோளத்த மட்டும் அலசிக்கிறேன்."

பொர்ஃபிரியோ கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்தான். பெட்டி மூடியை எடுத்தான். அவன் கை வால்வின் மேல் சற்று நின்றதை நான் பார்த்தேன். ஊரே பார்த்தது. ஒரு பானைச் சோளத்துக்குப் பொறுத்திருந்தால், கோல் பிடித்தவன் தன் மருமகளுக்கு ஒரு விதி, எங்களுக்கு ஒரு விதி வைத்தான் என்று பிறகு எத்தனை தலைமுறைக்குச் சொல்வார்கள். அவன் திருகினான். குழாயில் தண்ணீர் விரல் கனமாகி, நூல் கனமாகி, நின்றது. மார்செலினா பானைக்குள் கையை வைத்தபடி அப்படியே இருந்தாள். இலாரியா முதல் ஆளாகத் திரும்பி நடந்தாள். அவள் அழுதாள் என்று சொல்கிறார்கள். எனக்குத் தெரியாது, முதுகைத்தான் பார்த்தேன்.

அன்றைக்குச் சாப்பிட்ட, சோளமாவை இலையில் பொதிந்து வேகவைத்த தமாலில் சுண்ணாம்பு நெடி அடித்தது. நாக்கு அரித்தது. அதையே தின்றோம்.

பிறகு தண்ணீர் பள்ளத்து ஓடையிலிருந்துதான். பாரம் தாங்கும் பட்டையை நெற்றியில் கொடுத்து முதுகில் பிளாஸ்டிக் குடம் வைத்து மார்செலினா ஏறுவாள். பின்னால் தொமாசா ஒரு சின்ன டப்பாவில் கொண்டுவந்து, வழியில் பாதியைச் சிந்துவாள். குடிக்க, சமைக்க, ஆட்டுக்கு. செடிக்கு இல்லை. தக்காளி இரண்டாம் வாரம் தலை தொங்கியது. கூடாரத்துக்குள் அழுகிய பழ வாடை. குழந்தைக்கு ஓடைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, வயிற்றுப்போக்கு. கன்னம் ஒட்டிவிட்டது. மூலிகைக் கஷாயமும் சாம்பல் வாழைக் கஞ்சியும் கொடுத்துப் பார்த்தாள். நின்று நின்று திரும்ப வந்தது.

இவோன் வந்தாள். வாடிய செடிகளைப் பார்த்து நிஜமாகவே கண் கலங்கினாள். அவளைக் கெட்டவள் என்று நான் சொல்லமாட்டேன். பார்வையாளர்களை வேறு ஊருக்கு அழைத்துப் போக ஏற்பாடாகிவிட்டது என்றாள். அப்படியானால் முச்சந்திப் பலகையை எடுத்துவிடுங்கள் என்று கேட்டான் அன்செல்மோ. அது வேறு அலுவலகம், வேறு ஒப்பந்தம், தன் கையில் இல்லை என்றாள். பிறகு மார்செலினாவிடம், ஊருக்குச் சம்மதம் இல்லை என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டாள்.

"சொன்னாங்களே," என்றாள் மார்செலினா. "அத்தன பேரும் தரையப் பாத்தாங்களே. நீங்க ரொட்டியப் பிரிச்சீங்க."

அன்செல்மோ இதை மொழிபெயர்க்கவில்லை.

அந்த வாரம்தான் வீட்டில் பேச்சு வந்தது. அடுப்பைச் சுற்றி நாங்கள் நால்வர். குழந்தை மூலையில் ஆட்டுத்தோல் மேல் படுத்திருந்தது. அன்செல்மோ தான் போகப்போவதாகச் சொன்னான். மார்செலினாவின் அண்ணன் வடக்கே ஓக்லாந்து நகரத்தில் கூரை வேலை செய்கிறான். எல்லை தாண்டவைக்கும் வழிகாட்டிக்கு வேண்டிய பணத்தை அவன் பார்த்துக்கொள்வான். கல்யாணமான நாளிலிருந்து அந்த அண்ணனின் பணத்தை இந்த வீட்டுக்குள் நான் விட்டதில்லை. பொர்ஃபிரியோ நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான்தான் பேசினேன். கால்மோ வீட்டில் அந்த வழக்கம் இல்லை, உன் அப்பன் கையில் கோல் இருக்கும்போது நீ கிளம்பினால் அந்தக் கோலை எங்கே வைப்பது என்றேன்.

மார்செலினா விறகைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள். எனக்கல்ல, அவனுக்குச் சொன்னாள்.

"நீ எப்படிப் போவ? பஸ்ஸு அந்த முச்சந்தியிலதான நிக்கும். உன் மூஞ்சிக்குக் கீழ நின்னு உன்னால பஸ் ஏற முடியுமா? சந்தைக்கே ஓடை வழியா போறவன் நீ." பிறகு சொன்னாள்: "எனக்கு போர்டு இல்ல. நான் போறேன். புள்ளயோட போனா எல்லையில உள்ள விடுறாங்கன்னு அண்ணன் சொல்றான்."

அன்செல்மோ அவளைப் பார்த்தான். மறுக்கப் போகிறான் என்று நினைத்தேன். அவன் தரையைப் பார்த்தான். அவளுக்கு அது புரிந்தது. ஆனாலும் அவள் வாய் மூடவில்லை. நான் குரலை உயர்த்தினேன். இந்த வீட்டிலிருந்து ஆண் போனதே இல்லை, பெண் போவதா, ஊர் என்ன பேசும் என்றேன்.

"நான் கால்மோ இல்ல பெரிய மாமா. நான் மெந்தோசா. கல்யாணம் ஆகி இந்த வாசப்படி ஏறின அன்னைக்கு நீங்கதான சொன்னீங்க, பொம்பளைக்கு அவ அப்பன் பேருதான், சாகற வரைக்கும் மாறாதுன்னு. உங்க வீட்லேர்ந்து யாரும் போனதில்லன்னு நீங்க தாராளமா சொல்லிக்கலாம். பொய்யாவாது. போறது மெந்தோசா."

நான் அப்படிச் சொன்னது உண்மை. எங்கள் நாட்டில் அதுதான் வழக்கம். அதில் அவமரியாதை எதுவும் இல்லை. 

பொர்ஃபிரியோ அன்று பேசியது இரண்டே வார்த்தை. நெருப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "புள்ள கால்மோ."

"ஆமா மாமா," என்றாள். "அவளுக்குத்தான் தண்ணி வேணும்."

மழை அந்த வருஷம் மே கடைசியில் பிடித்தது. ஊற்று நிறைந்ததும் ஊர் கூடி, பொர்ஃபிரியோவே குழாயைத் திறந்துவிட்டான். தண்ணீர் முதலில் துருவாக வந்து பிறகு தெளிந்தது. பிடிக்கப் பானையோடு யாரும் வரவில்லை. நாங்கள் மூன்று ஆண்கள், எங்களுக்குச் சோளம் அலசத் தெரியாது. இலாரியா தன் வீட்டில் அலசி ஒரு கூடை மாவு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள், கேட்காமலே. அன்செல்மோ பிளாஸ்டிக்கைக் கிழித்து ஆட்டுக்கொட்டிலுக்குக் கூரை போட்டான். சாயங்காலங்களில் போனைக் காதில் வைத்துக்கொண்டு மலை விளிம்பில் நிற்கிறான். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். குழந்தை இப்போது குண்டாகிவிட்டதாம். எங்கள் மொழியில் கேட்டால் ஸ்பானிஷில் பதில் சொல்கிறதாம்.

வெவெதெனாங்கோ வானொலியில் ஒருநாள் இவோன் பேசினாள். எங்கள் மலையில் கண்டுபிடித்த வேர்களை வரிசையாகச் சொன்னாள்: பனி, விலை, வேலையின்மை, தண்ணீர். பிறகு போன் செய்தவர்கள் சண்டை போட்டார்கள். ஒருவன், இந்த மலைக்காரர்களுக்கு எவ்வளவு கொடுத்தாலும் ஓடத்தான் செய்வார்கள் என்றான். ஒருத்தி, இன்னும் அதிகத் திட்டம் வேண்டும் என்றாள். இன்னொருவன், அந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லைச் சுவரை உயரமாகக் கட்டிவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்றான். நான் விதைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தேன். பொர்ஃபிரியோ எழுந்து வந்து வானொலியை அணைத்தான்.

வருஷக் கடைசியில் அவன் கோலை அடுத்தவனிடம் ஒப்படைத்தான். ஒரு சொல் குறை இல்லாமல் ஒப்படைத்தான். ஊர் அவனுக்கு மாலை போட்டது. ஒரு மனிதன் அதற்குமேல் என்ன செய்ய முடியும்.

ஆனால் சந்தையில் ஒரு பேச்சு நடக்கிறது. கோல் பிடித்த பொர்ஃபிரியோவின் மருமகள், திட்டத்துக்காரர்களின் ஜீப் ஓட்டுநரோடு ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போய்விட்டாள் என்று. உருளைக்கிழங்கு மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டு என் முகத்துக்கு நேராகவே ஒருவன் கேட்டான்.

அது பொய். மார்செலினா யாரோடும் ஓடவில்லை. சனிக்கிழமை காலை, வெயில் நன்றாக ஏறிய பிறகு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கள் எல்லோர் முன்னாலும் நடந்துதான் போனாள். யாரும் தடுக்கவில்லை.